இடித்த வீட்டில் இருந்து புது வீடு: லாரி பேக்கர்

ஒரகடம் ரோட்டில் பஸ்ஸில் வரும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடித்த கட்டிடத்தின் செங்கல், ஓடு, கான்கிரீட் துண்டு எல்லாம் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும். பக்கத்திலேயே புதுக் கட்டிடத்துக்கு ஜல்லி லாரி போகும். கழித்துப் போட்டதைக் கொண்டே கட்டிக் காட்டிய ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர்தான் லாரி பேக்கர்.

1917 மார்ச் 2-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, அங்கேயே கட்டிடக்கலை படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவ சேவை செய்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டார். 1945-ல் தொழுநோயாளிகளுக்கான பணிக்கு இந்தியா வந்தவர், கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்தார். இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு திருவனந்தபுரத்தில் குடியேறினார்.

இடித்த வீட்டுக் கதவு, ஜன்னலை எல்லாம் புது வீட்டில் வைத்தார். உடைந்த ஓட்டைத் தரைக்குப் போட்டார். அவர் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் நம்ம வகுப்புப் பாடம்தான். ஸ்லாபின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அப்புறம் எதுக்கு அவ்வளவு கான்கிரீட்? கம்பிகளுக்கு நடுவே கழித்த மங்களூர் ஓடுகளை வைத்தார். எடையும் செலவும் குறைந்தன. எங்க தெருவில் சுவர் எழுப்பிவிட்டு, ஸ்லாப் போடக் காசில்லாமல் நிற்கிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

மலிவு என்றால் மட்டம் என்றவர்களுக்கு, திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையமும் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸும் பதில் சொல்கின்றன. 1990-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2007 ஏப்ரல் 1-ல் தன் 90-வது வயதில் மறைந்தார்.

அவர் வழிக்கு இப்போது ஐ.எஸ். கோடும் துணை நிற்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383-ன்படி, பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியைச் சாதா கான்கிரீட்டில் 25 சதவீதமும், எம்-25 வரையுள்ள ஆர்.சி.சி.யில் 20 சதவீதமும் சேர்க்கலாம். ஆனால் சோதிக்காமல் சேர்க்கக் கூடாது. அந்தச் சோதனையைச் செய்யப்போகிறவர்கள் நாளைய சூப்பர்வைசர்களான நாம்தான். லாரி ரப்பிஷோடு கிளம்பும்போது, நிறுத்தி ஒரு நிமிடம் யோசிப்போமா?