செம்பியன் மாதேவியார்

நம் நார்த்தாமலையின் மேலமலையிலே விசயாலய சோழீச்சுரம் நிற்கின்றது. சாத்தன் பூதி என்பவர் எடுத்த அக்கற்றளி மழையால் சிதைய, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார். இதனை அங்குள்ள கல்வெட்டினாலேயே நாம் அறிகின்றோம். பழையதைக் காத்துப் புதுப்பிக்கும் இத்தகைய பணிக்கே வாழ்நாளை ஈந்த சோழ அரசியாரின் வரலாற்றை இங்கே காண்போம்.

மழவரையர் குடியிலே பிறந்த செம்பியன் மாதேவியார், முதலாம் பராந்தக சோழரின் மைந்தர் கண்டராதித்தரை மணந்தார். மகன் உத்தம சோழர் சிறு குழந்தையாயிருக்கையிலேயே கணவர் மறைந்தார். அம்மையார் துயரில் முடங்கிவிடவில்லை. ஏறத்தாழ 60 ஆண்டுகள், இராசராசர் காலம் வரை, அறப்பணி புரிந்தார். செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். கோனேரிராசபுரத்தில் கணவர் பெயரால் எழுப்பிய கோயிலில், கண்டராதித்தர் இறைவனை வழிபடும் காட்சியைச் செதுக்குவித்தார்.

திருக்கோடிகாவில் அவர் செய்தது இன்னும் அரியது. பழைய கோயிலைப் பிரிக்குமுன் அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து, புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். முன்னோர் அளித்த கொடைகள் மறக்கப்படலாகாது என்பதே அவர் எண்ணம்.

அவருக்குப் பின், நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயரால் வழங்கும் ஊரின் கோயிலிலே அவரது திருவுருவம் நிறுவப்பட்டது. அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளை அவ்வூரார் கொண்டாடி வருகின்றனர். வாஷிங்டன் நகரிலுள்ள ஃபிரியர் கலைக்கூடம் 1929-இல் வணிகர் ஒருவரிடம் 3½ அடி உயரச் செப்புத் திருமேனி ஒன்றை வாங்கியது. அது அம்மையாரின் உருவமே என அறிஞர் பலர் கருதுகின்றனர். உமையம்மை என்பாரும் உளர். அது அவ்வூர்க் கோயிலிலிருந்து களவு போனதென முறையீடு எழ, 2022-இல் தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் அதனை மீட்க முயற்சி தொடங்கினர்.

களவு போன பொருளை உரியவரிடம் சேர்த்தாலன்றிக் குற்றம் தீராதென ஞானோபதேச வகுப்பிலே கற்கின்றோம். ஆனால் உரியவர் யாரென்று காட்ட எழுத்துச் சான்று வேண்டுமன்றோ? பிறர் எழுத்தையெல்லாம் காத்த அம்மையாரின் உருவம், ஊரை விட்டுப் போன நாளைக் குறித்து வைப்பாரின்றிப் போயிற்று!

தோழியரே, மேலமலைக்குச் செல்லும்போது கல்லிலே நம் பெயரைக் கீறாதிருப்போம். அங்குள்ள பெயர்களைப் படித்து, நம் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றி அதுவே.