சொந்தக் கட்சி எம்.பி.க்களே கையெழுத்திட்டார்கள்... பிரேமதாசா தப்பியது எப்படி?

மயிலாப்பூர், தி.நகர் பக்கம் 50 வயதைத் தாண்டிய யாரிடமாவது பிரேமதாசா என்று சொல்லிப் பாருங்கள். இந்திய அமைதிப் படையைத் திருப்பி அனுப்பின இலங்கை அதிபர்தானே என்பார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தச் சர்ச்சை இங்கே பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் அதற்கு அடுத்த வருஷமே பிரேமதாசாவின் சொந்தக் கட்சி எம்.பி.க்கள் அவரைப் பதவியிலிருந்து தூக்கக் கையெழுத்துப் போட்ட கதை அவ்வளவாகத் தெரியாது. இம்பீச்மென்ட் வரும்போது கட்சி விசுவாசம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள, நம் பக்கத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ரணசிங்க பிரேமதாசா 1924-ல் கொழும்பு வாழைத்தோட்டத்தில் பிறந்தவர். நெருக்கடியான, உழைக்கும் மக்கள் வாழ்கிற பகுதி அது. 15 வயதிலேயே சுசரித என்ற இயக்கத்தைத் தொடங்கி, மதுவுக்கு எதிராகவும் சுத்தம், சேமிப்பு பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். முதலில் தொழிற்கட்சி, பிறகு 1956-ல் ஐக்கிய தேசியக் கட்சி. சுருக்கமாக யு.என்.பி. அந்தக் கட்சியை உறவுக்காரர்கள் நடத்தும் கம்பெனி என்று எதிரிகள் கிண்டல் செய்த காலம். சேனநாயக்க, கொத்தலாவல, ஜெயவர்தனே என்று தலைவர்கள் எல்லோரும் வசதியான, செல்வாக்கான, உயர்சாதிக் குடும்பங்கள். அந்த வரிசையில் பிரேமதாசாவுக்கு இடமே இல்லை.

ஆனாலும் படிப்படியாக ஏறினார். 1960 மார்ச்சில் ஜெயித்து, அதே ஆண்டு ஜூலையில் தோற்று, 1965-ல் மறுபடி நாடாளுமன்றம் போனார். 1970-களில் தலைமையுடன் மோதி, தனி அமைப்பெல்லாம் தொடங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கட்சிக்குள் கலகம் என்றால் என்ன, அது எங்கே உடையும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

1978-ல் ஜெயவர்தனே அரசியல் சாசனத்தை மாற்றி நிர்வாக அதிகாரம் கொண்ட அதிபரானார். பிரேமதாசா பிரதமர். பெயருக்குத்தான் பிரதமர், அதிகாரமெல்லாம் அதிபர் கையில். அவர் வீடு கட்டுவதைப் பிடித்துக்கொண்டார். லட்சம் வீடுகள் திட்டம், பிறகு பத்து லட்சம் வீடுகள் திட்டம். 1987-ஐ வீடற்றோருக்கான ஆண்டாக ஐ.நா. அறிவித்ததற்குப் பின்னாலும் அவருடைய யோசனை இருந்தது. 1988 டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவை எதிர்த்து நின்று 50.43 சதவீத வாக்குகளுடன் அதிபரானார். நாடு அப்போது இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருந்தது. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி, வடக்கு கிழக்கில் போர். அவர் ஆட்சியில் ஜே.வி.பி.யை ஒடுக்கியபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் காணாமல் போனார்கள். ஏழைகளின் தலைவர் என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

கோபம் எங்கிருந்து வந்தது?

அடுத்த தலைவர்கள் என்று கட்சியே எதிர்பார்த்த இருவர் இருந்தார்கள். ஒருவர் லலித் அத்துலத்முதலி: ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வழக்கறிஞர், தேசியப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். இன்னொருவர் காமினி திசநாயக்க: மகாவலி திட்டத்தை நடத்தியவர். கிரிக்கெட் ரசிகர்களுக்காக ஒரு வரி: இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தபோது வாரியத் தலைவர் அவர்தான். இருவரில் ஒருவர் பிரதமர் ஆவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிரேமதாசா தேர்ந்தெடுத்தது யாருக்கும் தொந்தரவு தராத டி.பி.விஜேதுங்கவை. காமினி 1990-ல் அமைச்சரவையிலிருந்தே வெளியே போனார்.

இதோடு அவருடைய வேலை செய்யும் பாணி. விடியும் முன்பே எழுந்துவிடுவார், எல்லாவற்றையும் நேரில் பார்ப்பார், அமைச்சர்கள் செய்ய வேண்டியதையும் அவரே செய்வார். நடமாடும் சேவை என்று அரசு அலுவலகங்களையே ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஜனங்களுக்குப் பிடித்தது. அமைச்சர்களுக்கு, தாங்கள் எதற்கு இருக்கிறோம் என்ற கேள்வி வந்தது.

1991 ஆகஸ்ட் இறுதியில் 24 குற்றச்சாட்டுகளோடு ஒரு தீர்மானம் சபாநாயகர் எம்.எச்.முகமது கையில் போய்ச் சேர்ந்தது. அதிகார துஷ்பிரயோகம், சாசன மீறல் என்று நீளும் பட்டியல். இங்கே கணக்கு முக்கியம். மொத்தம் 225 எம்.பி.க்கள். யு.என்.பி.க்கு 125 இடம், மற்ற எல்லோருக்கும் சேர்த்து 100. சாசனத்தின் 38-வது பிரிவுப்படி, குறைந்தது பாதிப் பேர், அதாவது 113 பேர் கையெழுத்திட்டு, விசாரிக்க வேண்டிய விஷயம்தான் என்று சபாநாயகரும் திருப்திப்பட்டால் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, உச்ச நீதிமன்ற விசாரணை, மறுபடி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. ஆக, முழு எதிர்க்கட்சியும் கையெழுத்திட்டால்கூட ஆளுங்கட்சியிலிருந்து 13 பேராவது வேண்டும். அந்த ஆட்களைத் திரட்டிவிட்டோம் என்று லலித், காமினி தரப்பு நம்பியது.

எல்லாமே ரகசியமாக நடந்தது. காரணம், சபாநாயகர் தீர்மானத்தை ஏற்றுவிட்டால் அதன்பிறகு அதிபரால் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது. முன்கூட்டியே தெரிந்தால் கலைத்துவிடுவார். சபாநாயகர் ஏற்றுக்கொண்டதாக அதிபருக்குக் கடிதமும் எழுதினார். கலகக்காரர்கள் பாதி ஜெயித்துவிட்டார்கள்.

ஒரே மாதத்தில் தலைகீழ்

பிரேமதாசா கலைக்கவில்லை, ஒத்திவைத்தார். நாடாளுமன்றக் கூட்டத்தொடரைச் சுமார் மூன்று வாரம் தள்ளிப்போட்டார். அந்த மூன்று வாரம்தான் கதையே. முதலில் அமைச்சரவையின் ஆதரவு. பிறகு ஆளுங்கட்சி எம்.பி.க்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதிபர் மீது நம்பிக்கை தெரிவித்துக் கையெழுத்திட்டார்கள். அங்கே ரகசியமாகக் கையெழுத்துப் போட்ட அதே ஆட்கள் சிலர், இங்கே பகிரங்கமாகவும் போட்டார்கள். என்ன காகிதம் என்று சரியாகத் தெரியாமல் போட்டுவிட்டோம் என்று சிலர் பின்வாங்கினார்கள்.

கோழைத்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் நின்ற இடத்தையும் பார்க்க வேண்டும். இலங்கையில் கட்சி ஒருவரை நீக்கினால் அவருடைய எம்.பி. பதவியும் போய்விடும், ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் போய் வாதாடலாம், அவ்வளவுதான். விகிதாசாரத் தேர்தல் என்பதால் இடைத்தேர்தலும் கிடையாது, கட்சியே வேறு ஆளை உட்கார வைத்துவிடும். மக்களிடம் போய் நியாயம் கேட்கிற வழியே அடைபட்டுவிடுகிறது. இந்தப் பூட்டைச் செய்தவர் ஜெயவர்தனே. 1982-ல் தன் எம்.பி.க்கள் எல்லோரிடமும் தேதி போடாத ராஜினாமா கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டவர் அவர். லலித்தும் காமினியும் அந்த ஆட்சியில் முக்கிய அமைச்சர்கள். அன்று அவர்களுக்கு வசதியாக இருந்த பூட்டு, இன்று அவர்கள் மேலேயே விழுந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துகிற இடம் இதுதான்.

செப்டம்பரில் லலித், காமினி உள்ளிட்ட எட்டு எம்.பி.க்களைக் கட்சி நீக்கியது. அக்டோபரில், செல்லத்தக்க கையெழுத்துகள் போதவில்லை என்று சபாநாயகர் தீர்மானத்தை நிராகரித்தார். 24 குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூட விசாரிக்கப்படவில்லை. சரியா தவறா என்ற கேள்விக்கே யாரும் போகவில்லை. டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் நீக்கம் செல்லும் என்றது. எட்டுப் பேரும் பதவி இழந்தார்கள். கழுகுச் சின்னத்தோடு ஜனநாயக ஐக்கிய தேசிய முன்னணி என்ற புதுக்கட்சி பிறந்தது.

1993 ஏப்ரல் 23-ல் கொழும்பு கிருலப்பனையில் தேர்தல் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த லலித் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள்தான் என்றது அரசு; அரசுதான் என்று தெருவில் சந்தேகப்பட்டார்கள். எட்டே நாளில், மே தின ஊர்வலத்தில், தான் பிறந்த பகுதிக்குப் பக்கத்திலேயே ஆமர் வீதியில், சைக்கிளில் வந்த தற்கொலைக் குண்டுதாரியால் பிரேமதாசா கொல்லப்பட்டார். புலிகளின் வேலை. அவருடைய வீட்டு ஆட்களோடு நெருங்கிப் பழகியவன் அந்த இளைஞன். எம்.பி.க்களின் விசுவாசத்தை மூன்று வாரத்தில் எண்ணிப் பார்த்துவிட்டவரால் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து, மே 11-ல், டெல்லியிலும் ஒரு இம்பீச்மென்ட் வாக்கெடுப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றம் போன வி.ராமசாமி மீதான தீர்மானம். ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்யம். ஆனாலும் தோற்றது, ஆளும் காங்கிரஸ் உள்பட 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கொழும்பில் கையெழுத்தை வாபஸ் வாங்கினார்கள், டெல்லியில் கையையே தூக்கவில்லை.

பிரேமதாசா போனபின் விஜேதுங்க அதிபரானார். காமினி யு.என்.பி.க்கே திரும்பி வந்தார். 1994-ல் கட்சியின் அதிபர் வேட்பாளராகி, அந்த அக்டோபரில் தொட்டலங்கவில் குண்டுவெடிப்பில் இறந்தார். 2020-ல் கட்சி மறுபடி உடைந்தது. இந்த முறை வெளியேறியவர் பிரேமதாசாவின் மகன் சஜித். பெரும்பாலான எம்.பி.க்கள் அவர் பின்னால் போனார்கள். அவருடைய புதுக்கட்சிக்கு 54 இடம், 1991-ல் யாரும் விட்டு வெளியேறப் பயந்த யு.என்.பி.க்கு ஒன்று.