பதவியை அமானிதமாகக் கண்ட காயிதே மில்லத் (ரஹ்)



கூட்டேரிப்பட்டு ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு உங்கள் முன் வைக்கப்படும் இவ்வாண்டு மலரில், வணிகராக இருந்து மக்கள் மன்றங்களில் சமுதாயத்தின் குரலாக ஒலித்த மர்ஹூம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் வாழ்வைச் சுருக்கமாக நினைவு கூர்கின்றோம்.

அன்னார் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் மார்க்கப் பற்று மிக்க ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தார்கள். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பட்டப் படிப்பின் தேர்வை எழுதாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார்கள். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, வணிகர்களிடையே நன்மதிப்புப் பெற்றார்கள். வணிகத்திலேயே நிலைத்திருந்தால் பெரும் பொருள் சேர்த்திருக்கலாம். அன்னாரோ பொதுப்பணியையே தேர்ந்தெடுத்தார்கள்.

1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார்கள். இதனிடையே நாடு பிரிந்தது. முஸ்லிம் லீகின் முன்னணித் தலைவர்கள் பலர் பாகிஸ்தானுக்குச் சென்றனர். இங்கேயே வாழத் தீர்மானித்த மக்கள் ஐயத்திற்கும் அச்சத்திற்கும் இடையே தவித்த அந்நாளில், 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாக அன்னாரே தலைமை தாங்கினார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் அன்னாரின் பணி நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியதாகும். எந்தச் சமூகமும் தன் தனிச் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என 1948 நவம்பரில் திருத்தம் கொண்டு வந்தார்கள். 1949இல் ஆட்சிமொழி விவாதத்தின்போது, தொன்மையும் வளமும் மிக்க தமிழின் தகுதியை எடுத்துரைத்தார்கள். இரண்டையும் சபை ஏற்கவில்லை. எனினும், தோல்வி உறுதி என்பதற்காக அன்னார் வாய்மூடி இருக்கவில்லை. எடுத்துரைப்பது அடியானின் கடமை. முடிவு அல்லாஹ்விடம் உள்ளது.

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றிய பின், கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தமிழரான தலைவரை மலையாள மக்கள் மும்முறை தம் பிரதிநிதியாக ஏற்றனர் எனில், அன்னாரின் நேர்மைக்கு வேறு சான்று எதற்கு? இத்தனை பதவிகளை வகித்தும் எளிய வாழ்வையே அன்னார் வாழ்ந்தார்கள்.

1972 ஏப்ரல் 5 அன்று அன்னார் வஃபாத்தானார்கள். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்கள். சென்னை அரசு மகளிர் கல்லூரி ஒன்று அன்னாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அன்பர்களே! நம்மில் கடை நடத்துவோர் உளர். மனை வாங்கி விற்போர் உளர். ஜமாஅத்துப் பொறுப்பில் இருப்போரும் உளர். நம் வியாபாரத்திற்கு ஏணியாக்கிக் கொள்வதற்காக எப்பொறுப்பும் நமக்கு வழங்கப்படவில்லை. அது அமானிதம். இங்கே கணக்கு ஆண்டுக்கொருமுறை. அங்கே ஒரே முறை.

வல்ல அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்கி, அன்னாரின் நேர்மையை நமக்கும் நம் மக்களுக்கும் வழங்குவானாக! ஆமீன்.