எவரெஸ்ட் ஏறிய நெய்யூர் டாக்டர்: யார் இந்த சோமர்வெல்? ஆபரேஷன் காயத்தை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

ஆரல்வாய்மொழியில் இருந்து மேற்கே சுமார் 30 கி.மீ. போனால் நெய்யூர். 1838-ல் அங்கே லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனவர் டாக்டர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்.

யார் இவர்?

1890-ல் இங்கிலாந்தின் கெண்டலில் பிறந்தவர். முதல் உலகப் போரில் சர்ஜனாக இருந்தார். 1916 சோம் சண்டையில், ஆபரேஷனுக்கு முறை வராமல் தரையில் கிடந்த சிப்பாய்களைப் பார்த்தது அவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

1922-ல் எவரெஸ்ட் குழுவில் போனார். உச்சியைத் தொட முடியல. பனிச்சரிவில் சுமைதூக்கிகள் 7 பேர் இறந்துபோனார்கள். அதன்பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், நெய்யூருக்கு வந்தார். காத்திருந்த நோயாளிகள் கூட்டத்தையும், தனியாகத் திணறிய ஒரே சர்ஜனையும் பார்த்தவர், லண்டன் வேலையே வேண்டாம்னு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 8,500 மீட்டர் ஏறிவிட்டு நெய்யூருக்கே திரும்பினார்.

அவர் காலத்தில் என்ன சிக்கல்?

வயிற்றுப்புண் ஆபரேஷன்களுக்குப் பெயர் பெற்றவர் சோமர்வெல். ஆனா, பென்சிலின் பரவலா கைக்கு வந்ததே 1940-களில்தான். அதுவரை, வெட்டித் தைத்த இடத்தில் சீழ் வைத்தால் உயிருக்கே ஆபத்து. சுத்தம்தான் பெரிய காவல். பிறகு 1949 முதல் 1961 வரை வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய அவர், 1975-ல் காலமானார்.

இன்று நாம் செய்ய வேண்டியது என்ன?

இப்போ சில நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிடுறாங்க. மீதிக் காயம் ஆறுவது வீட்டில்தான்.

* காயத்தைத் தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்க.
* டாக்டர் சொல்லாமல் முதல் 48 மணி நேரம் கட்டைப் பிரிக்காதீங்க.
* மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் போடாதீங்க.
* காயம் முழுசா ஆறும்வரை குளத்திலும் கால்வாயிலும் முங்கிக் குளிக்க வேண்டாம்.
* பத்தியம்னு மீன், முட்டையை நீங்களே நிறுத்தாதீங்க. காயம் ஆற புரதம் தேவை.
* சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்க.
* ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் பாதியில் விடாதீங்க.

காயத்தைச் சுற்றிச் சிவந்து பரவுவது, வீக்கம், சீழ், நாற்றம், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, தையல் பிரிவது - இதில் ஒன்று தெரிந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.