ஜார்ஜ் மில்லர் ஸ்டெர்ன்பெர்க்

ஜார்ஜ் மில்லர் ஸ்டெர்ன்பெர்க் (ஜூன் 8, 1838 – நவம்பர் 3, 1915) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த படைத்துறை மருத்துவரும் பாக்டீரியவியலாளரும் ஆவார். 1893 முதல் 1902 வரை அந்நாட்டுத் தரைப்படையின் தலைமை மருத்துவ அதிகாரியாக (சர்ஜன் ஜெனரல்) பணியாற்றினார். படையில் சேரும் மருத்துவர்களுக்குத் தனிப்பயிற்சி அளிக்கும் தரைப்படை மருத்துவப் பள்ளியை நிறுவியவர் இவரே.

வாழ்க்கை வரலாறு

ஸ்டெர்ன்பெர்க் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இவருடைய தந்தை லூத்தரன் திருச்சபையின் மதகுரு. 1860ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் மருத்துவப் பட்டம் பெற்ற இவர், உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861ஆம் ஆண்டு மே மாதத்தில் துணை அறுவை மருத்துவராகப் படையில் சேர்ந்தார். அவ்வாண்டு ஜூலையில் நடந்த முதலாம் புல் ரன் சமரில் எதிரிகளிடம் சிறைப்பட்டுப் பின்னர் தப்பினார்.

போருக்குப் பின் எல்லைப்புறக் கோட்டைகளில் பணியாற்றினார். 1867இல் கன்சாசின் ஹார்க்கர் கோட்டையில் பரவிய வாந்திபேதிக்கு (காலரா) இவருடைய முதல் மனைவி லூயிசா பலியானார். 1875இல் புளோரிடாவில் பணியாற்றியபோது இவரே மஞ்சள் காய்ச்சலுக்கு ஆளாகி உயிர் தப்பினார்.

ஆய்வுகள்

1879இல் மஞ்சள் காய்ச்சலை ஆராய கியூபாவின் ஹவானாவுக்கு அனுப்பப்பட்ட குழுவில் இடம்பெற்றார். பின்னாளில் நிமோனியாவுக்குக் காரணமென அறியப்பட்ட நுண்ணுயிரை 1881இல் பிரான்சின் லூயி பாஸ்டரும் இவரும் தனித்தனியே கண்டறிந்து அறிவித்தனர். 1892இல் பாக்டீரியவியல் பற்றிய விரிவான கையேடு ஒன்றை வெளியிட்டார்.

தரைப்படை மருத்துவப் பள்ளி

அக்காலத்தில் மருத்துவப் பட்டம் பெற்றோர் தேர்வுக் குழுவின் கடுமையான தேர்வில் வென்று படையில் சேர்ந்தனர். எனினும் முகாம்த் துப்புரவு, குடிநீர்ச் சோதனை, போர்க்காயச் சிகிச்சை, மருத்துவ அதிகாரியின் கடமைகள் ஆகியவற்றைப் பொதுக் கல்லூரிகள் முறையாகக் கற்பிக்கவில்லை. புதிய மருத்துவர்கள் இவற்றைப் பணியிடத்திலேயே கற்க நேர்ந்தது.

1893 மே மாதம் தலைமைப் பொறுப்பேற்ற ஸ்டெர்ன்பெர்க், அடுத்த மாதமே இப்பள்ளியை அமைக்கும் ஆணையைப் பெற்றார். வாஷிங்டனில் இருந்த தரைப்படை மருத்துவ அருங்காட்சியகக் கட்டடத்தில் நவம்பரில் பள்ளி தொடங்கியது. பயிற்சிக் காலம் 4 மாதங்கள். ஜான் ஷா பில்லிங்ஸ் படைத்துறைச் சுகாதாரத்தையும், வால்ட்டர் ரீட் நுண்ணோக்கியியலையும் கற்பித்தனர்.

1898ஆம் ஆண்டுப் போர்

எசுப்பானியாவுடன் 1898இல் போர் மூண்டபோது நிலையான படையில் 200க்கும் குறைவான மருத்துவ அதிகாரிகளே இருந்தனர். தன்னார்வப் படைப்பிரிவுகள் பெருமளவில் திரட்டப்பட்டதால் நூற்றுக்கணக்கான பொது மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அவசரமாகச் சேர்க்கப்பட்டனர். இவர்களுள் பெரும்பாலோர் படைத்துறைச் சுகாதாரப் பயிற்சி அற்றவர்கள். பயிற்றுநர்கள் போர்ப்பணிக்குத் தேவைப்பட்டதால் பள்ளியின் வகுப்புகளும் நிறுத்தப்பட்டன.

முகாம்த் துப்புரவு பற்றிய அறிவுறுத்தல்களை ஸ்டெர்ன்பெர்க் ஏப்ரல் மாதத்திலேயே அனுப்பியிருந்தார். ஆனால் மருத்துவர்களுக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே இருந்தது. ஆணையிடும் அதிகாரம் படைத்தலைவர்களிடம் இருந்தது. உள்நாட்டு முகாம்களிலேயே குடற்காய்ச்சல் (டைபாய்டு) பரவியது. போர்க்களத்தில் இறந்தோரைவிட நோயால் இறந்தோர் பன்மடங்கு மிகுந்தனர்.

காரணத்தை அறிய ரீட் தலைமையில் ஸ்டெர்ன்பெர்க் அமைத்த குழு, 92 படைப்பிரிவுகளைச் சேர்ந்த 1,07,973 பேரின் விவரங்களை ஆராய்ந்தது. இவர்களுள் 20,738 பேர் குடற்காய்ச்சலுக்கு ஆளாகினர். 1,590 பேர் இறந்தனர். நோயாளிகளுள் ஏறத்தாழ பாதிப்பேருக்கே முகாம் மருத்துவர்கள் நோயைச் சரியாகக் கண்டறிந்திருந்தனர். பலருடைய நோய் மலேரியா எனத் தவறாகக் கருதப்பட்டது. மனிதக்கழிவு, ஈக்கள், நேரடித் தொற்று ஆகியவையே நோய் பரவக் காரணம் எனக் குழு கண்டது.

இவ்வுயிரிழப்புகளுக்காக ஸ்டெர்ன்பெர்க் கடும் கண்டனத்துக்கு உள்ளானார். முன்னறிவுறுத்தல் தந்தவர் என்பதும், போர்க்கால ஆள்சேர்ப்புக்கு முன்னேற்பாடு செய்யாத துறையின் தலைவர் என்பதும் இவரைப் பற்றிய மதிப்பீடுகளில் இடம்பெறுகின்றன.

பிற்காலம்

1900இல் ரீட் தலைமையில் இவர் கியூபாவுக்கு அனுப்பிய குழு, மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுவதை மெய்ப்பித்தது. 1901இல் தரைப்படைச் செவிலியர் பிரிவு நிறுவப்பட்டது. பள்ளியும் மீண்டும் இயங்கியது. ஸ்டெர்ன்பெர்க் 1902இல் ஓய்வு பெற்றார். போர்க்காலத்தில் அழைக்கத்தக்க பொது மருத்துவர்களை முன்கூட்டியே பதிவு செய்யும் மருத்துவச் சேமப்படை 1908இல் சட்டத்தால் உருவானது.

1915இல் வாஷிங்டனில் காலமான இவருடைய உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. இவர் நிறுவிய பள்ளியே பின்னாளில் வால்ட்டர் ரீட் தரைப்படை ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது.