ஜான் மியூர்

ஜான் மியூர் (ஏப்ரல் 21, 1838 – டிசம்பர் 24, 1914) ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்கையியலாளரும் எழுத்தாளரும் ஆவார். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரிலும் அதன் அடிவாரக் குன்றுகளிலும் நடந்து திரிந்து, அங்குள்ள மரஞ்செடிகளைப் பற்றி விரிவான குறிப்புகள் எழுதினார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் உருவாக உழைத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். இவர் கண்டு எழுதிய இளவேனிற் பூவெளிகளில் பெரும்பகுதி பின்னர் அழிந்துவிட்டதால், இவருடைய குறிப்புகள் மறைந்த ஒரு நிலக்காட்சியின் சான்றாகவும் விளங்குகின்றன.

இளமை

மியூர் ஸ்காட்லாந்தின் டன்பார் நகரில் பிறந்தார். 1849 இல் இவரது குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியது. அங்கே கண்டிப்பு மிகுந்த தந்தையின் கீழ்ப் பண்ணை வேலைகளில் வளர்ந்தார். பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஆனால் பட்டம் பெறவில்லை. அங்குப் பயிலும் காலத்தில், சக மாணவர் ஒருவர் லோக்கஸ்ட் மரத்தின் பூவைக் காட்டி, ஓங்கி வளரும் அம்மரமும் பட்டாணிக் கொடியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று விளக்கினார். நிலைத்திணையியலில் மியூருக்கு ஆர்வம் பிறந்தது இந்நிகழ்வினால்தான்.

1867 இல் இண்டியானாபொலிஸ் நகரில் வண்டித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றியபோது, கூரிய அரம் ஒன்று இவரது வலக்கண்ணில் பாய்ந்தது. மற்றைய கண்ணும் சிறிது காலம் பார்வை இழந்தது. பல வாரங்கள் இருட்டறையில் கிடந்த பின்னர் பார்வை மீண்டது. அதன்பின் தொழிற்சாலை வாழ்வைத் துறந்து, காடுகளையும் மலர்களையும் காண்பதிலேயே காலத்தைச் செலவிட முடிவு செய்தார். அவ்வாண்டே புளோரிடா வரை நெடுந்தொலைவு நடந்து சென்றார்.

அடிவாரத்தில் இளவேனில்

1868 மார்ச் இறுதியில் மியூர் கப்பல் வழியாகச் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார். அங்கிருந்து கால்நடையாகப் பச்செகோ கணவாயைக் கடந்து, கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கு வழியே யோசெமிட்டி நோக்கிச் சென்றார். இப்பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டது. எனவே ஓராண்டுச் செடிகள் மழை ஈரம் வற்றுமுன் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து மடிகின்றன. ஏப்ரல் மாதத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் பூவாக இருந்ததை மியூர் கண்டார்.

அங்கு ஒரு சதுர கஜ நிலத்தைத் தெரிவு செய்து, அதிலிருந்த செடிகளை எண்ணிப் பட்டியலிட்டார். 16 இனங்களும் 1,65,000க்கு மேற்பட்ட மலர்ந்த பூக்களும் அதில் இருந்தன. சூரியகாந்திக் குடும்பச் செடிகளின் ஒவ்வொரு பூத்தலையும் பல சிறுபூக்களால் ஆனது. அச்சிறுபூக்களையும் சேர்த்துக் கணக்கிட்டதால் எண்ணிக்கை இவ்வளவு உயர்ந்தது.

அடுத்த குளிர்காலத்தில் ஸ்நெல்லிங் என்னும் ஊருக்கு அருகிலுள்ள இருபது குன்றுப் பள்ளத்தில் ஆடு மேய்க்கும் பணியை ஏற்றார். ஜனவரி இறுதிக்குள் நான்கு செடி இனங்கள் பூத்ததையும், மார்ச், ஏப்ரல் மாதங்களில் குன்றுகள் பொன்னிறமானதையும், மே மாத இறுதிக்குள் அனைத்தும் காய்ந்து போனதையும் குறித்துள்ளார். இது பற்றிய இவரது கட்டுரை 1872 இல் வெளியானது.

அடிவார மரங்களுள் சாபைன் பைன் இவரது கவனத்தை ஈர்த்தது. சாம்பல் பச்சை நிறமுடைய இம்மரத்தின் ஊசியிலைகள் அடர்த்தி குறைந்தவை. ஆகவே நிழல் மிகச் சிறிதே விழும். இதன் பெரிய கூம்புகளிலுள்ள விதைகள் தொல்குடி மக்களுக்கு உணவாயின. மான்சனிட்டாப் புதரின் மணி போன்ற பூக்கள் தேனீக்களை ஈர்ப்பதையும் விவரித்துள்ளார்.

பாதுகாப்புப் பணி

1869 கோடையில் மியூர் ஆட்டு மந்தையுடன் உயர்மலைக்குச் சென்றார். தாம் காவல் காத்த ஆடுகளே புல்வெளிகளையும் பூச்செடிகளையும் வேரோடு அழிப்பதை நேரில் கண்டார். மேய்ச்சலும் உழவும் அடிவாரப் பூவெளிகளை அழித்து வருவதை 1894 இல் வெளியான கலிபோர்னியா மலைகள் பற்றிய நூலில் எடுத்துரைத்தார். இவரது எழுத்துகளும் முயற்சியும் 1890 இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா அமையத் துணைபுரிந்தன. 1892 இல் தொடங்கப்பட்ட சியரா கழகத்தின் முதல் தலைவராகி, இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 1903 இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இவருடன் யோசெமிட்டியில் முகாமிட்டுத் தங்கினார்.

யோசெமிட்டி பூங்காவினுள் இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டுவதைத் தடுக்க இவர் நடத்திய நீண்ட போராட்டம் தோல்வியுற்றது. 1913 டிசம்பரில் அணைக்கு ஒப்புதல் அளிக்கும் சட்டம் நிறைவேறியது. ஓராண்டு கழித்து, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நுரையீரல் அழற்சியால் காலமானார்.

மதிப்பீடு

தொல்குடியினரையும் கருப்பின மக்களையும் பற்றி மியூர் தம் இளமைக் காலத்தில் இழிவாக எழுதியுள்ளார். 2020 இல் சியரா கழகம் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இவர் மனிதர் தீண்டாதவை எனக் கருதிய நிலங்கள் பலவும் தொல்குடி மக்கள் நெடுங்காலம் வாழ்ந்து, தீயிட்டுப் பேணிவந்தவை என்பதை அறிஞர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

மியூர் நடந்து சென்ற பள்ளத்தாக்கின் பெரும்பகுதி பின்னர் விளைநிலமாயிற்று. எஞ்சிய மேய்ச்சல் நிலங்களில் வெளிநாட்டுப் புல்வகைகள் பரவின. ஆயினும் நல்ல மழை பெய்த ஆண்டுகளில், சியரா அடிவாரச் சரிவுகளில் பாப்பியும் லூப்பினும் இன்றும் மலர்கின்றன.