எவரெஸ்ட் ஏறாமலே உயரத்தைச் சொன்னவர்: யார் இந்த ராதாநாத் சிக்தார்?

எவரெஸ்ட் சிகரத்தின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அதன் உயரத்தைக் கணக்குப் போட்டவர் பெயர்?

1813-ல் கொல்கத்தாவில் பிறந்தவர் ராதாநாத் சிக்தார். இந்து கல்லூரியில் கணிதம் படித்தவர், 1831-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் இந்தியாவை அளக்கும் 'கிரேட் டிரிக்னாமெட்ரிக்கல் சர்வே'யில் சேர்ந்தார். பதவியின் பெயர் 'கம்ப்யூட்டர்'. ஆமாம், அப்போ கணக்குப் போடும் மனிதருக்குத்தான் அந்தப் பெயர்!

ஆள் துணிச்சல்காரர். 1843-ல் டேராடூனில் சர்வே தொழிலாளர்களைக் கூலி கொடுக்காமல் சுமை தூக்க வைத்த ஆங்கிலேய மாஜிஸ்திரேட்டை எதிர்த்தார். கிடைத்தது 200 ரூபாய் அபராதம்.

எப்படி அளந்தாங்க?

கடற்கரையிலிருந்து சிகரம் வரை டேப் பிடிக்க முடியாது. நேபாளமும் உள்ளே விடவில்லை. அதனால், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்பே கணித்து வைத்த இடங்களைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். ஜிரோல், மிர்சாபூர், லாட்னியா என சமவெளியில் மொத்தம் ஆறு நிலையங்கள். அங்கிருந்து 160 கி.மீ.க்கும் அப்பால் தெரிந்த '15-வது சிகரத்தின்' கோணத்தை தியோடலைட் கருவியில் பார்த்தார்கள்.

கோணத்தை வைத்துக் கிடைக்கும் உயரத்தோடு நிலையத்தின் உயரத்தைக் கூட்டினால் விடை வந்துவிடுமா? வராது. காற்றில் ஒளி வளையும், பூமியும் உருண்டை. இரண்டையும் சரிசெய்யணும். சிக்தாரின் கணக்கு கைகொடுத்தது இங்கேதான். ஆறு விடைகளின் சராசரியாக, 1856-ல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. 2020-ல் அறிவித்த 8,848.86 மீட்டரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 9 மீட்டர்தான்!

1852-ல் இவர் மேலதிகாரி ஆண்ட்ரூ வாவின் அறைக்குள் ஓடிப்போய் சேதி சொன்னதாக ஒரு கதை உலவுது. நம்புவது கஷ்டம். அப்போ இவர் கொல்கத்தாவில், அவர் டேராடூனில்.

சிகரத்துக்கு வா வைத்தது, தனக்கு முன் அந்தப் பதவியில் இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை. சிக்தார் 1870-ல் சந்தன்நகரில் காலமானார். 1851-ல் வெளிவந்த சர்வே கையேட்டின் முன்னுரை, கணிதப் பகுதிகளில் அவர் பங்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தது. 1875 பதிப்பில் அந்தப் பெயரையே தூக்கிவிட்டார்கள். இது அநியாயம் என்று ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகையே கண்டித்தது.

2004-ல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.